கரைக் கம்பம்

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தபோது அளவுக்காரருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் எழுதிவரும் பதிவேட்டை அவரைத் தவிர யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அதுவும் நின்றுகொண்டே, ஒரு கையில் கார் சாவியோடு. இப்போது ஒரு நீதிபதியே அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அளவுக்காரர் அதற்குப் புது அட்டை போட்டார். முதுகில் பிய்ந்திருந்த துணியைப் பசை தடவி ஒட்டி, மேலே இரண்டு செங்கல்லைத் தூக்கி வைத்துக் காய விட்டார்.

நீர்நிலை அலுவலகத்தில் அவருடைய வேலை சின்ன வேலைதான். ஊரை ஒட்டிப் பெரிய சதுப்பு ஒன்று கிடக்கிறது. நாணல் மண்டிய அந்த ஈரநிலத்தைத் தாண்டினால் காயல். காயலின் கரையில், வீடுகள் இருக்கும் தெருவிலிருந்து அரை மைல் தள்ளி, பாம்புக்குப் பயந்து யாரும் போகாத அரசு நிலத்தில் ஒரு இரும்புக் குழாய் நிற்கும். ஆள் உயரம், அடியில் சிமெண்ட் பாதம். அதற்குப் பெயர் கரைக் கம்பம். திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு அளவுக்காரர் அங்கே போவார். நாடாவின் கொக்கியைக் குழாயில் மாட்டி, கரையின் விளிம்பு வரை இழுத்து, எத்தனை அடி என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். தேதி, அடி, கையெழுத்து. அவ்வளவுதான். கரை கரைகிறதா, நிற்கிறதா என்று அரசாங்கத்துக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி.

காய்ச்சலோடு போயிருக்கிறார். காலில் கட்டோடு போயிருக்கிறார். ஒரு திங்கள்கூட விட்டதில்லை. “பொண்ணு பாக்கக் கூப்பிட்ட நாள் திங்கட்கிழமையாப் போச்சு, அதான் இவன் இன்னும் ஒண்டிக்கட்டை” என்று அவருடைய அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

வழக்குப் போட்டதே அந்த அக்காவும் அவளுடைய தெருக்காரர்களும்தான். சதுப்பு காயலைத் தொடும் ஓரத்தில் பத்தொன்பது வீடுகள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு மணல் கம்பெனி ஒன்று காயலுக்குள் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அது போய்வர நாணலை வெட்டி வாய்க்கால் போட்டார்கள். வேர் போனது, வேர் பிடித்துவைத்திருந்த மண்ணும் போக ஆரம்பித்தது. அக்காவின் கொல்லையில் மாமரம் போயிற்று. துணி துவைக்கும் கல் போயிற்று. போன மழையில் கொல்லைச் சுவரே காயலுக்குள் படுத்துவிட்டது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள் அவள். இப்போது தையல் மெஷினில் உட்கார்ந்தால் நேரே எதிரில் தண்ணீர் தெரிகிறது.

ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதைத் தெருக்காரர்கள் வக்கீலம்மாவிடம் போய்த்தான் தெரிந்துகொண்டார்கள். சதுப்பை ஒட்டிய கரை அரிக்கப்படுகிறது என்று நிரூபித்துவிட்டால், மணல் அள்ள யாருக்கு என்ன அனுமதி இருந்தாலும் அது ரத்து. ஆனால் நிரூபிக்க வேண்டும். சுவர் விழுந்ததைக் காட்டினால், “சாக்கடைத் தண்ணியை விட்டுச் சுவரை நீங்களே ஊற வெச்சீங்க” என்றது கம்பெனி. போட்டோவைக் காட்டினால் தேதிக்கு என்ன அத்தாட்சி என்றது. அரசாங்கத்தின் அளவு வேண்டும் என்றார் நீதிபதி.

“அரசாங்கத்தோட அளவு என் தம்பிகிட்ட இருக்கு!” என்று அக்கா அன்றைக்குக் கோர்ட்டிலேயே எழுந்து நின்று சொல்லி, உட்காரச் சொல்லித் திட்டு வாங்கினாள்.

ஆனால் சம்மன் அனுப்பச் சொன்னது கம்பெனித் தரப்பு. அது ஏன் என்று யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

“அவனுங்களே கூப்பிட்டு அவனுங்களே மாட்டிக்கப் போறானுங்க” என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. “நீ போயி கணீர்னு பேசு. வாய்க்குள்ளேயே முணுமுணுன்னு பேசாதே.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லப் போறேன். இதுல கணீர் என்ன?”

“சட்டையையாவது இஸ்திரி போட்டுட்டுப் போ. கூண்டுல ஏறி நிக்கறப்போ என் தம்பின்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கணும்.”

இஸ்திரி போட்ட சட்டையோடுதான் செவ்வாய்க்கிழமை அவர் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் நல்ல மரியாதைக்காரர். “உக்காந்துக்கறீங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“இந்தப் பதிவேடு உங்க கையெழுத்துதானா?”

“ஆமாம்.”

“இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாரம்கூட விடலையாமே?”

“விடலை.”

“எல்லா அளவும் நீங்களே நாடா புடிச்சு எடுத்தது?”

“ஆமாம்.”

“எதையாவது பின்னாடி திருத்தினது, மாத்தினது?”

“ஒரு புள்ளிகூட இல்லீங்க” என்றார் அளவுக்காரர். அக்கா சொன்ன கணீர் அந்த ஒரு பதிலில் தானாக வந்தது.

வக்கீல் தலையாட்டிவிட்டு ஒரு பெரிய அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பதிவேட்டிலிருந்து வருஷாவருஷம் மேலிடத்துக்குப் போகும் நகலைக் கம்பெனி மனுப் போட்டு வாங்கி, அந்த எண்களை வைத்து வரைந்த கோடு அதில் இருந்தது. முப்பதில் தொடங்கிய கோடு மெல்லக் கீழே இறங்கிப் பத்துக்கு வந்தது. அங்கிருந்து நேரே முப்பதுக்கு ஏறியது. மறுபடி பத்து. மறுபடி முப்பது. ரம்பத்தின் பல்லைப்போல ஐந்து தடவை.

“யுவர் ஆனர், இருபத்திரண்டு வருஷம் முன்னாடி கம்பத்துக்கும் கரைக்கும் முப்பது அடி. போன வருஷமும் முப்பது அடி. கரை கொஞ்சம் கரையுது, வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போடுது, கரை திரும்ப வளருது. அது இயற்கை. ஏறினதெல்லாம் மழைக்காலம் முடிஞ்ச கையோட ஏறியிருக்கு, தேதியைப் பாருங்க. இதைச் சொல்றது நாங்க இல்லை. மனுதாரர் ஒருத்தரோட சொந்தத் தம்பி, அரசு ஊழியர், ஒரு புள்ளிகூட மாத்தாதவர் சொல்றார்.”

அளவுக்காரர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் எண்களை ஒரு படமாக அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோடு மேலே ஏறிய ஒவ்வொரு இடத்திலும் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். கரை வளரவில்லை. அவர் கம்பத்தை நகர்த்தியிருந்தார்.

அது விதியில் இருப்பதுதான். கரை விளிம்பு கம்பத்துக்குப் பத்து அடிக்குள் வந்துவிட்டால் கம்பத்தைப் பின்னால் எடுத்து, விளிம்பிலிருந்து முப்பது அடியில் நட வேண்டும். இல்லாவிட்டால் கம்பமே தண்ணீருக்குள் போய்விடும். அதே விதியின் அடுத்த வரியும் அவருக்குத் தெரியும்: நகர்த்தியதும் பழைய பதிவேட்டை மூடி, மேலதிகாரிக்கு எழுதி, புதுப் பதிவேடு திறக்க வேண்டும். புதுப் பதிவேடு ஸ்டோரிலிருந்து வர மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் என்றால் பன்னிரண்டு திங்கட்கிழமை வெற்று. அதற்கு மனசு வராமல், பழைய புத்தகத்திலேயே அடுத்த வரியில் முப்பது என்று எழுதித் தொடர்ந்தார். குறிப்பு எழுதலாம் என்றால் அந்தக் கட்டத்துக்கு மேலே ‘அதிகாரிக்கு மட்டும்’ என்று அச்சடித்திருந்தது. அவர் அதிகாரி இல்லை.

எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. புத்தகம் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

குறுக்கு விசாரணையை அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைத்தார்கள். படியிறங்கும்போது அக்கா காத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தார். அவள் சத்தம் போடாததுதான் பெரிய வலியாக இருந்தது.

“வளர்ந்துச்சாமே கரை” என்றாள். “என் மாமரம் எந்தப் பக்கம் வளர்ந்துச்சுன்னு உன் புத்தகத்துல இருக்கா?”

“அக்கா, நான் பொய் எழுதலை.”

“நீ எழுத மாட்டே. அதான் எனக்குத் தலை சுத்துது.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்காரப் பெண்களோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் அடுத்த பஸ்ஸில் போனார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். அந்த ஞாயிறு அவர் போகவில்லை. பகல் ஒரு மணி வரை பார்த்துவிட்டு, அக்கா தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனாள். பூட்டியிருந்தது. அலுவலகமும் பூட்டு. எங்கே போயிருப்பான் என்று அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றியது.

பாம்புக்குப் பயந்து கைதட்டிக்கொண்டே ஒற்றையடிப் பாதையில் வந்தவள், கம்பத்தின் பக்கத்தில் அவருடைய செருப்பும் மடித்துவைத்த சட்டையும் கிடப்பதைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தாள். அளவுக்காரர் காயலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு மூங்கில் கழியால் அடியைக் குத்திக்கொண்டிருந்தார்.

“டேய்! வெளியே வாடா! ஒரு கேசு தோத்தா இப்படியா?”

“கத்தாதே அக்கா. சாகறவன் இடுப்பளவுத் தண்ணிக்கா வருவான்?”

“பின்னே என்னடா பண்றே அங்கே?”

“தேடறேன்.”

“என்னத்தை?”

அவர் கழியைச் சேற்றில் ஊன்றினார். பிறகு, தண்ணீரில் நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னார். விதி, பத்து அடி, முப்பது அடி, ஸ்டோர், பன்னிரண்டு திங்கட்கிழமை. குழாயை மட்டும் அறுத்து எடுத்துப்போய்ப் புதுப் பாதத்தில் நடுவார்; பழைய சிமெண்ட் பாதம் மூன்றடி ஆழத்துக்குப் புதைந்திருக்கும்; அதைத் தோண்டி எடுக்க ஆள் பலம் கிடையாது, அப்படியே விட்டுவிடுவார். அப்புறம் கரை இடிந்து, அந்த இடமெல்லாம் காயலாகிவிட்டது.

அக்கா தூக்கைக் கீழே வைத்தாள். அவள் முகம் கோபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது.

“அப்போ கரை வளரலை.”

“வளரலை.”

“நீதான் பின்னாடி பின்னாடி வந்திருக்கே.”

“ஆமாம்.”

“அட லூசுப் பயலே” என்றாள். சொன்ன வேகத்தில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சரிந்த கரையில் உட்கார்ந்து வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கினாள். இறங்கி மூன்று அடி வைத்திருப்பாள், “ஆ!” என்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டாள். “கல்லுடா! சுண்டுவிரல் போச்சு!”

அளவுக்காரர் முங்கித் தடவிப் பார்த்தார். சதுரம். மேலே அறுத்த குழாயின் வட்டம். சேறு மூடியிருந்த முகத்தை உள்ளங்கையால் தேய்த்தார்.

“விரலை இங்கே வை, அக்கா. ஏதாச்சும் தட்டுப்படுதா?”

அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தடவினாள். தையல்காரியின் விரல். “கோடு... ஏதோ எழுத்து. இல்ல, நம்பர்.”

“தேதி. சிமெண்ட் காயறதுக்கு முன்னாடி ஆணியால எழுதிவெப்பேன். என்னிக்கு நட்டதுன்னு தெரியணும் இல்லையா?”

“இந்தப் புத்தியைப் புத்தகத்துல காட்டியிருக்கக் கூடாதா?”

நாடாவின் ஒரு நுனியை அவள் அந்தப் பாதத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு நுனியோடு அவர் கழியால் குத்திக்கொண்டே காயலுக்குள் போனார். இருபதாவது அடியில் கழி ‘டங்’ என்றது. நாற்பதாவது அடியில், தண்ணீர் கழுத்துக்கு வந்த இடத்தில், இன்னொன்று. அதற்கு மேல் போக வேண்டாம் என்று அக்கா அலறியதால் திரும்பினார். இன்னும் இரண்டு அங்கே இருக்கும். மொத்தம் ஐந்து. முதல் பதிமூன்று வருஷத்தில் கம்பம் நகர்ந்தது ஒரே தடவை. மணல் இயந்திரம் வந்த பிறகு, ஒன்பது வருஷத்தில் நான்கு தடவை. நூறு அடிக்கு மேல் கரை போயிருக்கிறது என்பதற்குக் காயலே கணக்கு வைத்திருந்தது.

இரண்டு பேரும் ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து, தூக்கில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். பாதி சாப்பாட்டில் அக்கா கேட்டாள்: “இதைக் கோர்ட்டுல சொன்னா உன்னை என்ன பண்ணுவாங்க?”

“மெமோ வரும்.”

“அப்புறம்?”

“விசாரணை. கம்பத்தை நகர்த்தினதுல தப்பில்லை. எழுதாம விட்டது தப்பு. அஞ்சு தடவை.”

“ரிட்டையர் ஆக எட்டு மாசம்தானே இருக்கு உனக்கு.”

“எட்டு மாசம் பதினோரு நாள்.”

அக்கா கையைக் கழுவினாள். காயலைப் பார்த்தபடியே பேசினாள். “வேண்டாம்டா. நீ ஒண்ணும் சொல்லாதே. நான் என் பெரிய மகன் வீட்டுக்கிட்ட வாடகைக்கு ஒரு ரூம் பாத்துக்கறேன். மெஷினை எங்கே வெச்சாலும் தைக்கலாம்.”

“மத்த பதினெட்டு வீடு?”

“அவங்கவங்க பாடு” என்றாள். சொல்லிவிட்டு, கழுவிய கையையே மறுபடி கழுவினாள். “நான் வக்கீலம்மாகிட்ட வாயைத் திறக்க மாட்டேன். நீயும் திறக்காதே. என் தலைமேல சத்தியம்.”

அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் அளந்தார்: பதினேழு அடி. எழுதவேண்டிய பதிவேடு கோர்ட்டில் இருந்ததால் தனித்தாளில் எழுதினார். பத்து மணிக்கு அதிகாரியின் அறைக்குப் போய், முந்தின நாள் எழுதிய கடிதத்தை மேஜைமேல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஐந்து தேதிகளோடு எழுதிய கடிதம்.

அதிகாரி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கெட்டவர் இல்லை. படித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“இதை நான் பார்க்கலைன்னு வெச்சுக்கலாமா?”

“பார்த்துட்டீங்களே சார்.”

“உங்ககிட்ட யாரும் கம்பத்தைப் பத்திக் கேக்கலை. பதிவேடு சரியான்னு கேட்டாங்க, சரின்னு சொன்னீங்க. முடிஞ்சது. எட்டு மாசத்துல மாலை போட்டு அனுப்பப் போறோம். எதுக்கு இப்போ போயி நீங்களே குழி தோண்டிக்கறீங்க? எனக்கும் சேர்த்துத் தோண்டறீங்க, வருஷாவருஷம் கையெழுத்துப் போட்டவன் நான்.”

“கேட்டா என்ன சார் சொல்லட்டும்?”

“கேக்க மாட்டாங்க.”

“கேட்டா?”

அதிகாரி கடிதத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினார். “ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. வயசுக்கு அது தப்பில்லை.”

அளவுக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய்த் தபால் பிரிவில் கொடுத்து, எண் போட்டு வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை கோர்ட்டில் வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் பதிவேடுமாக எழுந்தார். அக்கா கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்றியிருந்தாள். வக்கீலம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பது அந்த அம்மா பக்கங்களைப் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது.

“சார், எனக்கு ஒரு சின்ன சந்தேகம். வெள்ளம் வந்து வண்டலைப் போட்டு, கரை வளருதுன்னு போன தடவை சொன்னாங்க. அஞ்சு தடவை வளர்ந்திருக்கு. அஞ்சு தடவையும் சரியா முப்பது அடிக்கு வந்து நின்னிருக்கு. இருபத்தொன்பதரை இல்லை, முப்பத்தொண்ணு இல்லை. இயற்கை என்ன நாடா புடிச்சுக்கிட்டா வண்டலைப் போடுது?”

அறையில் யாரோ சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, சாட்சி புவியியல் நிபுணர் அல்ல, அவரிடம் இதைக் கேட்பது முறையல்ல என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “தெரிஞ்சா சொல்லட்டும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும்.”

தெரியவில்லை என்று சொல்ல நீதிபதியே வழிவிட்டார். கடைசி வரிசையில் அக்கா தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம், வேண்டாம். இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

அளவுக்காரர் பதிவேட்டைப் பார்த்தார். புது அட்டை போட்ட முதுகு மேஜைமேல் அவரைப் பார்த்து இருந்தது.

“கரை வளரலீங்க” என்றார். “நான்தான் கம்பத்தை நகர்த்தினேன்.”

தட்டச்சுக்காரர் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். “கொஞ்சம் சத்தமா” என்றார் நீதிபதி.

சத்தமாகவே சொன்னார். எப்போது, எத்தனை அடி, ஏன், எந்த விதிப்படி, எந்த விதியை மீறி. எதையும் விடவில்லை, பன்னிரண்டு திங்கட்கிழமையைக்கூட. வக்கீலம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்தவர் எடுக்க மறந்து நின்றார்.

அப்புறம் கம்பெனி வக்கீல் எழுந்தார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

“செவ்வாய்க்கிழமை இதே கூண்டுல சத்தியம் பண்ணி, எல்லாம் சரின்னீங்க.”

“எண்ணெல்லாம் சரி.”

“ஆனா பதிவேட்டை நம்பக் கூடாது.”

“எங்கேயிருந்து அளந்ததுன்னு தெரியாம நம்பக் கூடாதுங்க.”

“அதை நீங்க எழுதலை.”

“எழுதலை.”

“இருபத்திரண்டு வருஷமா அரசாங்கத்தை ஏமாத்தியிருக்கீங்க. இன்னிக்கு அக்கா வீட்டுக்காகக் கோர்ட்டையும் ஏமாத்த வந்திருக்கீங்க. ஏன் நாங்க இதை நம்பணும்?”

“என்னை நம்ப வேண்டாங்க” என்றார் அளவுக்காரர்.  “காயலுக்குள்ள அஞ்சு சிமெண்ட் பாதம் கிடக்கு. ஒவ்வொண்ணுலயும் தேதி இருக்கு. ஆளை அனுப்பி அளக்கச் சொல்லுங்க. நானும் வரலை, எங்க அக்காவும் வர மாட்டாங்க.”

நேரில் போய் அளந்து அறிக்கை தர நீதிபதி ஒரு கமிஷனரை நியமித்தார். அவர் படகோடும் இரண்டு முக்குளிப்பவர்களோடும் போய், கம்பெனி ஆட்களின் முன்னிலையிலேயே ஐந்தையும் கண்டுபிடித்தார். ஒன்று குப்புற விழுந்திருந்ததால் கயிறு கட்டிப் புரட்டித் தேதியைப் படமெடுத்தார்கள். ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

அதற்குள் மெமோவும் வந்திருந்தது. விசாரணை முடியும்வரை அளவுக்காரர் களப்பணிக்குப் போகக் கூடாது. ஆவண அறையில் உட்கார வேண்டும். திங்கட்கிழமைகளில் விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து பல் தேய்த்துவிட்டு, பத்து மணிவரை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார். அவ்வளவு சட்டை அவரிடம் கிடையாது.

தீர்ப்பின் நகல் வந்த அன்று சாயங்காலம் அக்கா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். தெருக்காரர்கள் வந்து கைகொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தையல் மெஷினின்மேல் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக உரக்கப் படித்தாள். ஈரநிலத்துக்குள் மணல் அள்ளும் அனுமதி ரத்து. இயந்திரத்தை முப்பது நாளுக்குள் அகற்ற வேண்டும். வெட்டிய வாய்க்காலை மூடி, கம்பெனி தன் செலவில் நாணல் நட்டு, மூன்று வருஷம் பராமரிக்க வேண்டும். கரை அதுவரை கொஞ்சம் கரையத்தான் செய்யும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனாலும் போகும். ஆனால் இயந்திரம் இன்றைக்கே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காயல் சத்தமில்லாமல் கிடந்தது.

“பன்னிரண்டுக்கு அப்புறம் பதினாலு படிச்சே” என்றார் அளவுக்காரர்.

“என்னது?”

“பத்தி எண். பதிமூணை விட்டுட்டே.”

“அது ஒண்ணும் இல்லை. சட்டப் பிரிவு, அது இதுன்னு கிடக்கு.”

“படி அக்கா.”

அக்கா காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தூரமாகப் பிடித்தாள், விளக்கு போதவில்லை என்றாள். அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளே படித்தாள், வாய்க்குள்ளேயே: “மேற்படி பதிவேடு முறைப்படி பராமரிக்கப்படாததால், அதிலுள்ள எந்த அளவையும் நம்பத்தக்க சான்றாக இந்நீதிமன்றம் ஏற்க இயலாது, அது முழுவதுமாக ஒதுக்கப்படுகிறது.”

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் திங்கட்கிழமை. ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவருக்கு என்ன தெரியும்? காய்ச்சலோட போனது தெரியுமா, கால்ல கட்டோட போனது தெரியுமா?” என்று மெஷினோடு பேசுவதுபோலப் பேசினாள்.

“சரியாத்தான் எழுதியிருக்கார்” என்றார் அவர். “நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்.”

 பிறகு அவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினான்காவது பத்தியை ஒருமுறை தானே படித்தார். கமிஷனரின் அறிக்கை அதில்தான் இருந்தது. படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“என்னடா?”

“பாதங்களுக்கு நடுவுல ‘சுமார்’ இருபது அடின்னு போட்டிருக்காங்க.”

“அதனால?”

“சுமார் இல்லை. நான் வெச்சது சரியா இருபது. கரை இடிஞ்சு விழுந்ததுல கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்திருக்கும். அதை இவங்க எழுதியிருக்கணும்.”

அக்கா அவரையே பார்த்தாள். சிரிப்பு முதலில் அவளுக்குத்தான் வந்தது. அவருக்கு வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தபோது கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அவள் மெஷின்மேலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, தட்டு வைக்க உள்ளே போனாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.